தங்கத்தையும் ஒரு தடவை மாற்றிப் பார்

திவ்யா,

மத்தியான ஷிப்டு பஸ்களெல்லாம் போய்விட்டன. சுங்குவார்சத்திரத்தில் இந்த நேரத்தில்தான் நம் கடை ஜெராக்ஸ் மிஷின் கொஞ்சம் மூச்சு விடும், நானும் விடுவேன். உன் அப்பா மண்டபத்துக்காரரைப் பார்க்கக் குன்றத்தூர் போயிருக்கிறார். கல்யாணப் பெண்ணின் அம்மா செய்ய வேண்டிய வேலை ஒன்றையும் செய்யாமல் நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உனக்கு இதை டைப் அடிக்கிறேன். நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே எழுந்து போய்விடுவாய், நான் பாதியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பேன். அதெல்லாம் வேண்டாம். இதை முடித்ததும் ஒரு பிரின்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். கம்பெனி வேலைக்குப் பயோடேட்டா அடிக்க வரும் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் படிக்கட்டும். மானத்தை வாங்காதே என்பாய். வாங்கத்தான் போகிறேன். பெற்ற பெண்ணைப் பற்றிப் பெருமை பேச நான் யாரிடம் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும்?

எந்தக் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன் தெரியுமா? அதே பழைய ஆள்தான். "போர்டு போச்சு" என்று சொல்லிப் பாடை கட்டாத குறையாக வைத்திருந்தோமே, அதே ஆள். நீ டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கடையில் எனக்குக் கூடமாட இருந்த காலம் அது. ஒரு நாள் காலையில் ஒரு பையனுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போட்டுக்கொண்டிருக்கிறேன். திடீரென்று திரை முழுக்கக் கோடு. கோரைப்பாய் விரித்த மாதிரி பச்சையும் ரோஸுமாகக் கோடு. அந்தப் பையன் மூஞ்சி மூன்று துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கிறது. அவன் பயந்துபோய், "அக்கா, நான் அப்படியா இருக்கேன்?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டர் தலையிலேயே இரண்டு தட்டு தட்டினேன். எனக்குத் தெரிந்த ரிப்பேர் அதுதான். உன் அப்பா டிவிக்கும் அதைத்தான் செய்வார், தான் ஓட்டுகிற பஸ்ஸுக்கும் அதைத்தான் செய்வார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சர்வீஸ்காரத் தம்பி வந்தான். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவனுக்கு நின்று பார்க்க நேரமில்லை. மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஸ்விட்சைப் போட்டான், கோட்டைப் பார்த்தான். "போர்டு போச்சுக்கா. இதுல தனியா கிராபிக்ஸ் கார்டு கிடையாது, படம் காட்டுற வேலையும் போர்டோடயே சேந்தது. அது போனா மொத்தமும் மாத்த வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். "போச்சு" என்கிற வார்த்தை நம் வீட்டில் எவ்வளவு சல்லிசு என்று உனக்குத் தெரியும். பால் பொங்கினால் போச்சு, மழை தூறினால் போச்சு, பஸ் ஒரு நிமிஷம் லேட்டானால் போச்சு. நானும் உடனே, "போச்சு, எல்லாம் போச்சு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீ மட்டும், "இன்னும் பாக்கவே இல்லயேம்மா" என்றாய்.

அன்றைக்கு நீ செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் திரைக்குப் போகிற ஒயரைக் கழற்றி வேறு ஒயர் போட்டாய். கோடு போகவில்லை. வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினாய், அதிலும் கோடு. அப்படியானால் குற்றம் திரையில் இல்லை என்றாய். ஏதோ சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாய், அதற்கும் அசையவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாத்தயும் ஒண்ணாக் கழட்டி மாத்திப் பாருடி, எதுனா ஒண்ணு சரியாவும்!" என்று கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு நேரத்துல ஒண்ணுதாம்மா மாத்தணும். ரெண்ட மாத்துனா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும்" என்றாய். அப்புறம்தான் மூடியைக் கழற்றி, சீப்பு மாதிரி நீளமாக இருந்த இரண்டு பட்டைகளை உருவினாய். மெமரி என்றாய். "படத்துக்கும் மெமரிக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை நான் இன்றுவரை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். "தனி கார்டுன்னா அதுக்குன்னு சொந்தமா மெமரி இருக்கும்மா. இதுக்குக் கிடையாது. இது படம் காட்டணும்னா இந்தப் பட்டையில இருந்துதான் கைமாத்து வாங்கணும். குடுக்குறவன்கிட்ட கோளாறு இருந்தா வாங்குறவன் மூஞ்சிதான் கோணும்."

ஒரு பட்டையை மட்டும் போட்டாய், திரை சுத்தமாக வந்தது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாய், கோடு. ஆள் சிக்கிவிட்டான்! என் மேஜை டிராயரில் கிடந்த அழிரப்பரை எடுத்து, அந்தப் பட்டையின் ஓரத்தில் மஞ்சளாக மின்னும் பற்களை மெதுவாகத் தேய்த்தாய். கறுப்பாக அழுக்கு வந்தது. ஊதிவிட்டுத் திரும்பச் சொருகினாய். அந்தப் பையன் மூஞ்சி ஒரே மூஞ்சியாக வந்து நின்றது. நான் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அந்த ரப்பரை நான் அதற்கப்புறம் ஒரு எழுத்தை அழிக்கக்கூட எடுத்ததில்லை. சர்வீஸ்காரத் தம்பியும் இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் மூடியைக் கழற்றுகிறானாம், அவனே வந்து சொன்னான்.

பிறகு உனக்கு மதர்போர்டு செய்கிற கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. ரிப்பேர் டேபிள். லைனில் தேறாமல் சிவப்பு டப்பாவில் விழுகிற போர்டெல்லாம் உன்னிடம் வரும், நீ என்ன நோய் என்று பார்த்து எழுத வேண்டும். உன் அப்பா பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரிடமும், "எம் பொண்ணு போர்டுக்கு டாக்டரு" என்று சொன்னதை நீ கேட்டிருந்தால் பஸ்ஸிலிருந்து குதித்திருப்பாய். அதே சமயத்தில்தான் செல்வி நம் மாடி போர்ஷனுக்குக் குடி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் சேர்ந்தவள், உன் லைனிலேயே டெஸ்ட் பார்க்கிற சீட்டு. இதைக் கண்ணாடியில் படிக்கப் போகிறவர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போர்டும் அவள் முன்னால் வரும். அவள் அதில் பிராசஸரையும் மெமரியையும் பொருத்தி, திரையில் ஒரு படம் சுத்தமாக வருகிறதா என்று பார்த்து, இரண்டையும் கழற்றிக்கொண்டு அடுத்த போர்டை எடுப்பாள். நாள் முழுக்கச் சொருகுவது, எடுப்பது, சொருகுவது. சோதிப்பதற்கென்றே ஒவ்வொரு டேபிளிலும் வைத்திருக்கிற அந்த பிராசஸருக்கும் மெமரிக்கும் கம்பெனியில் 'கோல்டன்' என்று பேர். நல்லது என்று ஏற்கெனவே முடிவு கட்டி மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது, அதில் தப்பே இருக்காது என்று அர்த்தம். நீங்கள் பெண்பிள்ளைகள் அதைச் செல்லமாகத் தங்கம் என்பீர்கள். "ஏட்டி, என் தங்கத்த எங்க வச்ச?" என்று செல்வி தூக்கத்தில் உளறியதாக அவள் ரூமில் இருக்கிற பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த செல்வி ஒரு சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து வந்து, நேராக மாடிக்குப் போய்ப் பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஏறிப் போனேன். அவள் டேபிளில் மட்டும் போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக பெயில் ஆகின்றனவாம். திரையில் கோடு கோடாக வருகிறதாம். ஆனால் அதே போர்டுகள் ரிப்பேர் டேபிளுக்கு வந்து நீ போட்டுப் பார்த்தால் நன்றாக ஓடுகின்றன. சூபர்வைசர் கணக்கு போட்டிருக்கிறார். போர்டு நன்றாக இருக்கிறது. கோல்டன் தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தப் பெண்ணின் கை. அவளுக்குச் சொருகத் தெரியவில்லை. கம்பெனிப் பாஷையில் அதற்கு 'ஹேண்ட்லிங்' என்று பேர். "நாளைக்கு ஐடி கார்டக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாவம்மா. நான் நேராத்தான் வச்சேன். கை மேல சத்தியமா நேராத்தான் வச்சேன். 'ஹேண்ட்லிங்'னு பேரு விழுந்துட்டா இந்த ரோட்டுல இனி எந்தக் கம்பெனியும் என்ன எடுக்காது" என்று அவள் அழுத அழுகையை நீ பார்க்கவில்லை, நீ இன்னும் வந்து சேரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற பிள்ளை. செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உன் அப்பாதான் வாசலில் மறித்துக்கொண்டு, "இன்னாமே, அங்க கீறவன் செக்யூரிட்டி. அவன்கிட்ட போய் இன்னா சண்ட போடுவ?" என்றார்.

நீ வந்தாய். விஷயம் உனக்கு முன்பே தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்தக் காரணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய ஆளே நீதான். 'ஆபரேட்டர் ஹேண்ட்லிங்' என்று நீ தட்டினால் செல்வியின் கதை முடிந்தது. "தட்டிட்டியா?" என்று கேட்டேன். "இல்லம்மா. இன்னும் பாத்து முடிக்கல" என்றாய். அவ்வளவுதான். சாப்பிட்டாய், தட்டைக் கழுவினாய், படுத்துவிட்டாய். எனக்கு உன் மேலேயே கோபம், சொல்லாமல் என்ன? இவ்வளவு நடக்கும்போது இந்தப் பெண்ணுக்குச் சாம்பார் எப்படி இறங்குகிறது என்று அப்பாவிடம் புலம்பினேன்.

மறுநாள் நடந்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை. செல்விதான் சொன்னாள். சொன்னாளா, நடித்தே காட்டினாள்! நம் அடுப்பங்கரையில் இட்லித் தட்டுதான் போர்டு, கரண்டிதான் மெமரி. சூபர்வைசர் காலையிலேயே உன் டேபிளுக்கு வந்து ஏன் இன்னும் காரணம் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறார். அவரையும் சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு மேலே இருந்து நெருக்குகிறார்கள். நீ எழுந்து போய், "சார், டீ டைம்ல செல்வி சீட்ல நான் உக்காந்து பாக்குறேன்" என்று கேட்டாயாம். உட்கார்ந்தாய். உன் கையால் சொருகினாய். உன் கைக்கும் கோடு வந்தது! இன்னொரு போர்டு எடுத்தாய். மறுபடியும் கோடு. நீ அவரைத் திரும்பிப் பார்த்து, குரல்கூட ஏற்றாமல், "அப்போ என் கையும் தப்பா சார்?" என்று கேட்டாயாம். செல்வி அந்த வரியைச் சொல்லும்போது கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். என் பெண்ணடி நீ!

அவர், இந்த லாட்டில் வந்த போர்டுகளே சரியில்லையோ என்னவோ என்று இழுத்திருக்கிறார். நீ விடவில்லை. "போர்ட மாத்திப் பாத்தாச்சு, கைய மாத்திப் பாத்தாச்சு. மாத்தாதது ஒண்ணுதான் சார் மிச்சம்" என்று சொல்லி அந்த மஞ்சள் ஸ்டிக்கர் மெமரியை உருவினாய். "கோல்டனயா? அத எதுக்கும்மா தொடுற? அதுல தப்பே இருக்காது" என்று அவர் பதறினார். பக்கத்து டேபிள் தங்கத்தை இங்கே போட்டாய், இந்தத் தங்கத்தை அங்கே போட்டாய். செல்வி டேபிளில் படம் பளிச்சென்று வந்தது. பக்கத்து டேபிளில் கோடு விழுந்தது. லைனே எழுந்து நின்று பார்த்ததாம். பூதக்கண்ணாடியில் வைத்துக் காட்டினால், அந்த மெமரியின் பற்களில் இருக்க வேண்டிய தங்கப் பூச்சு தேய்ந்து அடியில் செம்பு தெரிகிறது. தினம் தினம் சொருகி எடுத்துச் சொருகி எடுத்து, தங்கமே தேய்ந்துவிட்டது. தங்கம் என்று பேர் வைத்துவிட்டதால் அதை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சூபர்வைசர் செல்வியிடம், "போய் உக்காரும்மா" என்றாராம். அவர் வாயில் மன்னிப்பெல்லாம் வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஷிப்டு ஆரம்பிக்கும்போது முதலில் கோல்டன்களைச் சோதித்துவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். செல்வி பையில் அடுக்கிய துணியைத் திரும்பக் கொடியில் போட்டாள். நீ உள்ளே வந்து, "பசிக்குதும்மா, என்ன இருக்கு?" என்று கேட்டாய். அந்த இட்லித் தட்டில் மாவே ஊற்றவில்லை.

நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கி நான் சொன்ன முதல் வார்த்தையே 'தங்கம்'தான். அன்றிலிருந்து அதுதான் உனக்கு வீட்டுப் பேர். அதனால்தான் நிச்சயதார்த்தத்தன்று உன் மாமியார் உன் நெற்றியில் குங்குமம் வைத்து, "தங்கமான பொண்ணு. கோவமே வராதாம், எது குடுத்தாலும் மூஞ்ச சுளிக்காம செய்யுமாம். எங்களுக்குக் கவலையே இல்ல" என்று சபையில் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல மனுஷி. மனசாரத்தான் சொன்னார். ஆனால் உன் முகம் ஒரு நொடி மாறியதை நான் கவனித்தேன். எல்லாரும் போன பிறகு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன், "இன்னாடி, அவங்க நல்ல வார்த்ததான சொன்னாங்க?" நீ கையில் இருந்த குண்டானைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "நல்ல வார்த்ததாம்மா. ஆனா எனக்கு பக்குனு ஆயிடுச்சு. லைன்ல தங்கம்னு பேரு வச்சத யாரும் செக் பண்ண மாட்டாங்க. தேயுற வரைக்கும் சொருவுவாங்க, எடுப்பாங்க, சொருவுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏனென்றால் நீ அப்படிப்பட்டவள்தான், திவ்யா. அடுத்தவளுக்கு ஒன்று என்றால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பாய். உனக்கு ஒன்று என்றால் வாயே திறக்க மாட்டாய். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தாய். "எப்படி இருக்க?" என்றதற்கு "நல்லாத்தான் இருக்கேம்மா" என்றாய். காபி டம்ளரை வாங்கும்போது உன் விரல் பட்டு எனக்குச் சுட்டது, டம்ளர் சுடவில்லை. அன்றைக்கு என் கை பட்டதால் தெரிந்தது. குன்றத்தூரில் உன் மாமியார் வீட்டில் உன் கையைத் தொட்டுப் பார்க்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். நல்ல பிள்ளை. ஒரகடத்தில் அவருக்கும் ஷிப்டு, உனக்கு இங்கே ஷிப்டு. இரண்டு பேரும் ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்புவீர்கள். அந்த வீட்டில் பால் காய்ச்சுவதிலிருந்து கொடியில் துணி எடுப்பது வரை 'திவ்யா பாத்துப்பா' என்று ஆகிவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த சூபர்வைசரும் கெட்டவர் இல்லையே. மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்ததும் மனுஷனுக்குச் சந்தேகம் வராது.

அதனால் ஸ்டிக்கரை நீயே கிழித்துவிடு. களைப்பாக இருந்தால் களைப்பு என்று சொல். கோபம் வந்தால் கோபப்படு, என் வயிற்றில் பிறந்துவிட்டு உனக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது? அந்த வீட்டில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி எறிந்துவிடாதே, போச்சு என்று உட்கார்ந்தும்விடாதே. அது நான் செய்கிற வேலை. நீ உன் வழக்கப்படி ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் உன்னையே மாற்றிக்கொண்டிருக்காதே. செல்வியின் கையைக் காப்பாற்ற லைன் நடுவில் உட்கார்ந்து கேட்டாயே, அப்போ என் கையும் தப்பா என்று, அந்தக் கேள்வியை உனக்காகவும் ஒரு தடவை கேள். செல்வியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். லைனில் உன் முகம் வாடித் தெரிந்தால் அன்று சாயங்காலமே எனக்குத் தகவல் வந்துவிடும். நீ போனில் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்வதை இனிமேல் நான் நம்புவதாக இல்லை.

இதில் எத்தனை இடத்தில் உன்னைக் கூப்பிட்டேன், பார். ஓரிடத்திலும் பழைய பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் அடித்தேன், ஆனால் இனிமேல் நீ எனக்குத் திவ்யாதான். உன் நகைப் பெட்டியை நேற்று அடுக்கி வைத்துவிட்டேன். தோடு, வளையல், சங்கிலி எல்லாம் பட்டுத் துணியில் சுற்றி இருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு பக்கம் தேய்ந்த அழுக்கு ரப்பர் ஒன்று கிடக்கும். உன் மாமியார் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்பார். எதற்கென்று உட்கார வைத்துச் சொல்.

அம்மா